கோயிலிற் பிறந்த இரு சொற்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒன்றைத் தமிழாக்க அமரும்போது நம்மைத் தடுத்து நிறுத்துவன பெரும்பாலும் பெரிய சொற்கள் அல்ல. சட்டத்தின் சொற்களுக்கு அகராதி உண்டு. பொருளாதாரத்தின் சொற்களுக்கும் விஞ்ஞானத்தின் சொற்களுக்கும் கலைச்சொற் பட்டியல் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னே அடக்கமாக நிற்கும் ஒரு சிறிய அடைமொழியே நம் எழுதுகோலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தியில் 'எந்தூசியாஸ்டிக்' என்ற அடைமொழி வந்தால் 'உற்சாகம் மிக்க' என்று எழுதி மேலே செல்கிறோம். அதே கூட்டத்தைக் கண்ட மற்றொருவர் 'ஃபனாட்டிக்' என்று எழுதியிருப்பாரானால் 'வெறி பிடித்த' என்று எழுத வேண்டியவர்களாகிறோம். கூட்டம் ஒன்றே; கூடியவர் நெஞ்சில் எழுந்த உணர்ச்சியும் ஒன்றே. முன்னே நின்ற அடைமொழி மாறியதும் மாலையிட்டு வரவேற்கத்தக்க கூட்டம், காவலரை ஏவி அடக்கத்தக்க கூட்டமாக மாறிவிடுகிறது.

உள்ளத்தின் வெப்பத்தைக் குறிக்கும் அடைமொழிகள் ஆங்கிலத்தில் பல. 'ஃபெர்வென்ட்' என்பது கொதித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'ஆர்டென்ட்' என்பது எரிதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அக்காரணம் பற்றியே கடுஞ்சாராயத்துக்கும் அவ்வடைமொழி ஒரு காலத்தில் வழங்கியது. ஊக்கத்தைக் குறிக்கும் 'ஸெலஸ்' என்ற சொல்லும் பொறாமையைக் குறிக்கும் 'ஜெலஸ்' என்ற சொல்லும் ஒரே கிரேக்க வேரின் இரு கிளைகள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. எனினும் நாம் முதலிற் கூறிய இரண்டு சொற்களின் வரலாறு தனிச்சிறப்புடையது. இரண்டும் கோயிலிற் பிறந்தவை, இரண்டும் பழிக்கப்பட்டவை. ஒன்று பழியினின்று மீண்டு புகழுக்கு ஏறியது. மற்றது பழியிலேயே தங்கிவிட்டது. அந்த ஏற்றமும் இறக்கமும் எவ்வாறு நிகழ்ந்தன, அவற்றால் மனிதருக்கு நேர்ந்தது யாது என்பதை இங்கே காண்போம்.

கிரேக்க மொழியில் 'என்' என்பது உள்ளே எனப் பொருள்படும். 'தியோஸ்' என்பது தெய்வம். தெய்வத்தை உள்ளே உடையவன் 'என்தியோஸ்' எனப்பட்டான். அந்நிலையே 'எந்தூசியாஸ்மோஸ்'. டெல்பி நகரத்து அப்போலோ கோயிலில் அருள்வந்து குறி சொன்ன பூசாரிப் பெண்ணின் நிலை அது. பிளேட்டோ தமது 'அயான்' என்ற உரையாடலில் இந்நிலையைக் கவிதைக்கும் உரியதாகக் கூறுகிறார். காந்தக்கல் ஓர் இரும்பு வளையத்தை ஈர்க்கிறது. அவ்வளையம் மற்றொன்றை ஈர்க்கிறது. இவ்வாறு ஒரு சங்கிலி தொங்குகிறது. கலைமகள் புலவனைப் பற்றுகிறாள். புலவனின் பாட்டு அதனை ஓதுவோனைப் பற்றுகிறது. ஓதுவோன் கேட்போரைப் பற்றுகிறான். 'பீட்ரஸ்' என்ற மற்றோர் உரையாடலில், தெய்வத்தால் வரும் பித்து நால்வகைத்து என்றும், அது மனிதருக்குப் பெரிய நன்மைகளைத் தருவது என்றும் அவர் சாக்ரட்டீஸின் வாயிலாகக் கூறுகிறார். ஆகவே சொல் பிறந்த இடத்தில் அது பழிச்சொல் அன்று; வியப்பும் அச்சமும் கலந்த பெருஞ்சொல்.

'ஃபனாட்டிக்' என்பதன் பிறப்பிடம் ரோமாபுரி. லத்தீனில் 'பானம்' என்றால் கோயில். கோயிலுக்குப் புறத்தே நிற்பதைக் குறித்த சொல்லே இன்று புனிதமற்றது என்ற பொருளில் வழங்கும் 'புரொபேன்' ஆயிற்று. கோயிலைச் சார்ந்தவன், தெய்வ ஆவேசம் கொண்டவன் 'பனாட்டிகஸ்' ஆனான். பெல்லோனா என்ற போர்த் தெய்வத்தின் பூசாரிகள் ஆவேசம் வந்த நிலையில் தங்கள் கைகளையே கத்தியாற் கீறிக்கொண்டு குருதி சிந்தினார்கள். ஒழுங்கையும் அமைதியையும் பெரிதாக மதித்த ரோமர்களுக்கு அக்காட்சி அருவருப்பைத் தந்தது. எனவே இச்சொல் தொட்டிலிலேயே சிறிது கசப்புடன் வளர்ந்தது எனலாம்.

இவ்விரு சொற்களும் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்திற் புகுந்தன. அக்காலத்து ஐரோப்பா சமயப் போராட்டங்களாற் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தெய்வம் தம்முள் நின்று நேரே பேசுகிறது என்று எளிய மக்கள் சொல்லத் தொடங்கினர். அவ்வாறு சொன்னவர்களிற் சிலர் 1534-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகரமான முன்ஸ்டரைக் கைப்பற்றினர். அங்கே லைடன் நகரத்து ஜான் என்பவன் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டான். 1535-இல் நகரம் வீழ்ந்தது. மறு ஆண்டில் தலைவர்கள் கொடிய முறையிற் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்களை வைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் அந்நகரத்து மாதா கோயிற் கோபுரம் ஒன்றில் இன்றும் காணப்படுகின்றன. உள்ளத்தில் தெய்வம் பேசுகிறது என்று எவரேனும் சொன்னவுடன் கற்றோரும் ஆள்வோரும் முன்ஸ்டரை நினைத்து நடுங்கினர்.

இங்கிலாந்தில் 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30-ஆம் நாள் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வீழ்ந்தது. அரசும் திருச்சபையும் நிலைகுலைந்த அந்நாட்களில் புதிய சமயக் குழுக்கள் பல தோன்றின. 'குவேக்கர்' என்று பிறரால் இகழ்ந்து அழைக்கப்பட்டோர் அவற்றுள் ஒரு குழுவினர். அவர்களுள் ஒருவராகிய ஜேம்ஸ் நெய்லர் 1656-ஆம் ஆண்டில், ஏசுநாதர் எருசலேமுக்குட் சென்றதை நினைவுறுத்தும் வகையில், தம் அன்பர்கள் பாடிக்கொண்டு சூழ்ந்துவரக் குதிரைமீது பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். அக்குற்றத்தைப் பாராளுமன்றமே பல நாட்கள் விவாதித்தது. கசையடி கொடுத்து, நாவைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்து, தெய்வ நிந்தனை செய்தவர் என்பதைக் குறிக்கும் எழுத்தை நெற்றியிற் சுட்டுப் பொறித்தார்கள்.

அதே காலத்தில் கற்றோர் இந்நிலைக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டினர். மெரிக் கசோபன் 1655-இலும், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹென்றி மோர் 1656-இலும் 'எந்தூசியாசம்' என்பது பற்றியே தனி நூல்கள் வெளியிட்டனர். உடலிலுள்ள கரும்பித்தம் மிகுந்து அதன் ஆவி தலைக்கேறுவதால் தெய்வக் குரல் கேட்பதாகத் தோன்றுகிறது என்பது மோர் கண்ட முடிவு. கிரேக்கர் கோயிலில் வைத்துப் போற்றிய சொல் இப்போது வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தது.

அடைமொழியால் விளையும் கேட்டுக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். 1660-இல் முடியாட்சி மீண்டது. 1661 ஜனவரியில் தாமஸ் வென்னர் என்பவர், இறைவனின் ஆட்சியை வாளால் நிறுவ வந்ததாகக் கூறி, ஒரு சிறு கூட்டத்துடன் லண்டன் தெருக்களிற் கலகம் விளைவித்தார். கலகம் சில நாட்களில் அடங்கிற்று. குவேக்கர்களுக்கும் அக்கலகத்துக்கும் தொடர்பில்லை. அதே மாதத்தில் அவர்கள் எல்லாப் போர்களையும் எல்லா ஆயுதங்களையும் துறந்துவிட்டதாக மன்னருக்கு எழுத்து மூலம் அறிவித்தார்கள். ஆயினும் வென்னரையும் குவேக்கரையும் ஒரே அடைமொழியால் அழைத்துப் பழகியிருந்த ஆட்சியாளருக்கு வாளேந்தியவனும் வாளைத் துறந்தவனும் ஒன்றாகவே தோன்றினர். ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

பின்னர் மெய்யியலார் இச்சொல்லைக் கையில் எடுத்தனர். ஜான் லாக் மனித அறிவைப் பற்றி எழுதிய பெருநூலின் நான்காம் பதிப்பு 1700-இல் வெளிவந்தபோது, அதில் இப்பொருள் பற்றி ஒரு புது அத்தியாயம் சேர்த்தார். ஒரு கருத்தை நாம் எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கிறோம் என்பது அக்கருத்து உண்மை என்பதற்குச் சான்றாகாது என்பதே அவ்வத்தியாயத்தின் சாரம். தெய்வம் சொன்னது என்பதை அறிவு சோதித்தறிய வேண்டும். சோதிக்க மறுப்பவன் தன் உறுதியையே தன் உறுதிக்குச் சான்றாகக் காட்டுகிறான். இக்கருத்தின் வலிமையை நாம் இன்றும் மறுக்க இயலாது.

சில ஆண்டுகளில் மற்றொரு சோதனை வந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த சமய உரிமையைப் பறித்தார். செவென் மலைநாட்டு மக்கள் 1702-இல் கிளர்ந்தெழுந்தனர். அவர்களிடையே அருள்வாக்குக் கூறியோர் சிலர் 1706-இல் லண்டனுக்கு வந்து, நடுங்கியும் விழுந்தும் எதிர்காலம் உரைத்தனர். இறந்துபோன தங்கள் அன்பர் எம்ஸ் என்னும் வைத்தியர் 1708 மே 25-ஆம் நாள் உயிர்த்தெழுவார் என்றனர். மக்கள் திரண்டனர், இறந்தவர் எழவில்லை. இவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று பலர் கூவிய வேளையில், ஷாப்ட்ஸ்பரி பிரபு 1708-இல் ஒரு கடிதநூல் வெளியிட்டார். துன்புறுத்தினால் இவ்வுணர்ச்சி வளரும். நகைச்சுவையோடு எதிர்கொண்டால் தானே தணியும் என்றார் அவர். மேலும், இவ்வுணர்ச்சியின் ஒரு நல்ல வடிவம் புலவர்களிடமும் வீரர்களிடமும் இருப்பதையும் ஒப்புக்கொண்டார். பழிச்சொல்லின் இருளில் முதல் ஒளிக்கீற்று இங்கேதான் தென்படுகிறது.

ஆனால் விடியல் அண்மையில் இல்லை. 1739-இல் ஜான் வெஸ்லி பிரிஸ்டல் நகரின் திறந்தவெளியிலும், அருகிலுள்ள கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளரிடையிலும் சமயச் சொற்பொழிவு ஆற்றினார். கேட்டோர் கதறி அழுதனர். சிலர் மயங்கி விழுந்தனர். அவ்வூரின் பிஷப்பாகிய ஜோசப் பட்லர் வெஸ்லியை அழைத்து, பரிசுத்த ஆவியின் தனி அருள் தமக்கு வாய்த்ததாகக் கூறுவது மிகக் கொடிய செயல் எனக் கண்டித்தார். பிஷப் லாவிங்டன் என்பவர் வெஸ்லியின் கூட்டத்தாரைத் தாக்கி எழுதிய நூலின் தலைப்பிலேயே 'எந்தூசியாசம்' என்ற சொல்லை வைத்தார். வெஸ்லியோ அச்சொல் தமக்குப் பொருந்தாது என்று காட்டுவதற்காக 1750-இல் அதனைப் பற்றியே ஒரு சொற்பொழிவை வெளியிட்டார். தம்மை அப்பெயரால் அழைக்காதீர் என்று அவர் வாதிட்டாரேயன்றி, அப்பெயர் நல்லது என்று வாதிடவில்லை. அந்நாளில் அது அத்துணைக் கெட்ட பெயராக இருந்தது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் இச்சொல்லுக்கு முதற்பொருளாக, தனக்கென இறைவன் தனியே வெளிப்படுத்தினான் என்ற வீண் நம்பிக்கையையே தருகிறது; கற்பனையின் உயர்வு என்ற நல்ல பொருள் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இடையில் ஒருவர் மட்டும் நிதானமாக நோக்கினார். டேவிட் ஹியூம் 1741-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மூடநம்பிக்கையையும் இவ்வாவேசத்தையும் வேறு பிரித்துக் காட்டினார். முன்னது அச்சத்திற் பிறந்து மனிதனைப் பூசாரிக்கு அடிமையாக்குவது. பின்னது நம்பிக்கையிலும் செருக்கிலும் பிறந்து எவர்க்கும் பணியாதது. தொடக்கத்தில் அது புயல்போல் வீசும். பின்னர் தணிந்து சாந்தமாகும். உரிமை வேட்கைக்கு அது நண்பன் என்று அவர் எழுதினார். தணிந்த நிலைக்கு அவர் காட்டிய சான்று, எண்பது ஆண்டுகளுக்கு முன் சிறைகளில் வாடிய அதே குவேக்கர்கள்!

சொல்லின் ஏற்றம் அடுத்த நூற்றாண்டில் நிறைவுற்றது. 'ஜெர்மனியைப் பற்றி' என்ற நூலை மதாம் ட ஸ்தேல் எழுதினார். 1810-இல் அச்சான அந்நூலின் படிகளை நெப்போலியனின் ஆட்சி அழித்தது. 1813-இல் அது லண்டனில் வெளிவந்தது. அதன் இறுதி அத்தியாயங்கள் முழுவதும் இவ்வுணர்ச்சியின் புகழே. ஒரு கருத்தை மட்டும் இறுகப் பற்றி மற்றவற்றை வெறுப்பது 'ஃபனாட்டிசம்'. உலகின் அழகோடும் ஒழுங்கோடும் உள்ளம் ஒன்றுவது 'எந்தூசியாசம்' என்று அவர் கோடிட்டுப் பிரித்தார். நாளடைவில் ஆங்கிலமும் அக்கோட்டினை ஏற்றது. முன்னே நின்ற சொல் தன் பழியையெல்லாம் உதறி நல்லோர் சபையில் அமர்ந்தது. வரவேற்புகளுக்கும் கைதட்டல்களுக்கும் அடைமொழியாயிற்று. உதறப்பட்ட பழி எங்கே சென்றது? உடன்பிறந்த மற்றச் சொல்லின் தலையிற் போய் விழுந்தது.

இனி நாம் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். ஏனெனில், பழியேந்திய அச்சொல் கப்பலேறி இங்கே வந்து சட்டப் புத்தகத்திலும் இடம் பெற்றது.

திப்பு சுல்தானுடன் 1792-இல் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. பிறகு சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாயிற்று. மைசூர் ஆட்சியின்போது திருவிதாங்கூருக்குச் சென்றிருந்த ஜன்மிகள் திரும்பி வந்தனர். நிலத்தின் முழு உரிமையாளர் அவர்களே என்று கம்பெனியின் நீதிமன்றங்கள் கொண்டன. நிலத்தை உழுதுவந்த காணக்காரரும் பாட்டக்காரரும் விருப்பம்போல் வெளியேற்றத்தக்கவர் ஆயினர். ஏறநாடு, வள்ளுவநாடு ஆகிய பகுதிகளில் உழவரிற் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். ஜன்மிகள் பெரும்பாலும் நம்பூதிரிகளும் நாயர்களும் ஆவர்.

1836-ஆம் ஆண்டு முதல் அப்பகுதிகளில் மீண்டும் மீண்டும் கிளர்ச்சிகள் எழுந்தன. சிறு கூட்டத்தினர் உயிர்விடத் துணிந்து, தொழுது, ஒரு ஜன்மியையோ அதிகாரியையோ கொன்று, படைவீரரின் துப்பாக்கிக்கு முன் ஓடி மடிந்தனர். அவர்கள் உள்ளத்தில் சமய ஆவேசம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அவர்களாற் கொல்லப்பட்டவரின் குடும்பங்கள் அடைந்த துன்பத்தையும் நாம் மறத்தலாகாது. ஆனால் அரசாங்கம் கேட்ட வினா, இதற்குக் காரணம் யாது என்பது. அதற்கு விடைகாண 1852-இல் டி. எல். ஸ்ட்ரேஞ்ச் என்ற நீதிபதி நியமிக்கப்பட்டார். நிலக்குறை காரணமன்று; காரணம் 'ஃபனாட்டிசம்' என்பது அவர் முடிவு.

அந்த ஒரு சொல் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிட்டது. 1854-இல் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று உடைமைகளைப் பறிமுதல் செய்யவும், ஊர்மீது தண்டம் விதிக்கவும், ஐயத்துக்குரியோரை நாடுகடத்தவும் வழி செய்தது. மற்றது மாப்பிள்ளைமார் வைத்திருந்த போர்க்கத்திகளைத் தடை செய்தது. கிளர்ச்சி நின்றதா? 1855 செப்டம்பரில் மாவட்ட கலெக்டர் கனோலியே தம் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டவரும், கோழிக்கோட்டுக் கால்வாய்க்குத் தம் பெயரை விட்டுச் சென்றவரும் அவரே. வடமேற்கே பஞ்சாபின் சில மாவட்டங்களுக்காக 1867-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் முகவுரையிலும் அதே சொல் வந்து அமர்ந்தது. கோயிலில் பிறந்த ஒரு குடும்பத்துச் சொல், மனிதனைத் தூக்குமரத்துக்கு அனுப்பும் அடைமொழியாயிற்று.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து மற்றொருவர் அதே வினாவைக் கேட்டார். மலபாரில் நெடுநாள் பணியாற்றி, மலையாளம் கற்றவரான வில்லியம் லோகன் 1881-இல் தனி ஆணையராக நியமிக்கப்பட்டார். ஆயிரக்கணக்கான மனுக்களைப் பெற்று, குடியானவர்களை நேரிற் கண்டு விசாரித்தார். வெளியேற்றமும், மேல்சார்த்து எனப்படும் மேற்குத்தகையும், அடிக்கடி உயர்த்தப்பட்ட வாரமுமே வேர் என்று அவர் அறிந்தார். சமயம் அவ்வேரில் ஏறிய தீ. வேர் நிலத்திலேயே இருந்தது.

மொழிபெயர்ப்பாளராகிய நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது அவர் கூறிய மற்றொரு காரணம். ஜன்மி என்ற மலையாளச் சொல்லை ஆங்கில நீதிபதிகள் ரோமச் சட்டத்தின் 'டொமினஸ்' என்ற சொல்லுக்கு ஈடாகக் கொண்டுவிட்டனர் என்றார் லோகன். பழைய வழக்கத்தில் ஜன்மி, காணக்காரன், உழவன் ஆகிய மூவரும் விளைவில் பங்குடையவர். எவரும் முழு முதலாளி அல்லர். சொல்லைத் தவறாக மாற்றியதால் உரிமை மாறியது. உரிமை மாறியதால் உழவன் நிலமிழந்தான். நிலமிழந்தவன் கத்தி எடுத்தபோது அவனுக்கு இன்னொரு தவறான சொல் சூட்டப்பட்டது. இரண்டு சொற்களுக்கிடையே அரை நூற்றாண்டின் குருதி ஓடியது.

லோகனின் அறிக்கைக்குப் பின் 1887-இல் வெளியேற்றப்படும் குடியானவர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு தரும் சட்டம் வந்தது. அது போதவில்லை. 1921-இல் பெருங்கலகம் வெடித்தது. அதன் காரணங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாண்டு நவம்பரில் திரூரிலிருந்து மூடிய சரக்கு ரயில்வண்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் ஏறக்குறைய 70 பேர் காற்றின்றி மாண்டனர். கோவைக்கு அருகே போத்தனூரில் கதவைத் திறந்தபோதுதான் அது தெரிந்தது. குடியானவருக்குக் குறிப்பிடத்தக்க பாதுகாப்பளித்த மலபார் குத்தகைச் சட்டம் 1930-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, இது ஆங்கிலத்தின் குறை, நம் மொழிக்கு இத்தகைய இடர் இல்லை என்று எண்ணுவோமாயின் அது பேதைமை. 'ஃபனாட்டிக்' என்பதற்கு நாம் எடுத்து வைக்கும் 'வெறி' என்ற சொல்லையே பாருங்கள். சங்க இலக்கியத்தில் வெறி என்பது நறுமணத்துக்கும் பெயர். முருகன் அருள்வந்து வேலன் ஆடும் ஆட்டத்துக்கும் பெயர். வெறியாட்டு தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற ஒரு துறை. வெறியைப் பாடியமையாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று சிறப்பிக்கப்பட்ட பெண்பாற் புலவரும் உண்டு. கிரேக்கனின் 'எந்தூசியாஸ்மோஸ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை! ஆயின் அவர் சொல் மேலேறியது. நம் சொல் கீழிறங்கி, நாய்க்கும் கள்ளுக்கும் இனப்பகைக்கும் உரியதாயிற்று.

இதற்கு நேர்மாறானது 'பற்று'. துறவு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் விடச் சொன்னது பற்று. அதே சொல் இருபதாம் நூற்றாண்டில் நாட்டுப்பற்று, மொழிப்பற்று என வளரவேண்டிய நற்பண்பாயிற்று. ஆக, ஒரே உணர்ச்சிக்கு நம்மிடமும் இரு பெயர்கள் தயாராக உள்ளன. நம்முடையதாயின் பற்று; அயலாருடையதாயின் வெறி.

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. நம் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் கற்பிக்க இடம் தேடுகிறோம். பங்குனியில் காவடி எடுக்கிறோம். தமிழ்ச் சங்கத்து மேடையில் குரல் தழுதழுக்கப் பேசுகிறோம். அண்டை வீட்டார் அதனை எந்த அடைமொழியால் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவ்வூரில் நம் வாழ்வின் இனிமை அமைகிறது. பற்றினை வெறியென்று பிறர் சொல்லக் கேட்டு மனம் நொந்தவர் நம்மிற் பலர். அவ்வாறாயின், நாம் குடியிருக்கும் ஊரின் மக்கள் தங்கள் திருவிழாவில் இரவெல்லாம் கொட்டு முழக்கும்போதும், தங்கள் மொழிக்காக ஊர்வலம் செல்லும்போதும் நம் நாவில் முதலில் எழும் அடைமொழி எது என்பதை நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கப் பாடல்களில் வெறியாட்டு நிகழும் இடத்தை நினைவுகூர்ந்து முடிப்போம். தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது. காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து, ஆடு அறுத்து, இது முருகனால் வந்தது என்கிறான். உண்மைக் காரணம் மலைநாட்டுத் தலைவன்மீது அவள் கொண்ட காதல் என்பது தோழிக்குத் தெரியும். தெய்வத்தின் பெயரைச் சொல்லி வேலன் நோயை விளக்கிவிட்டான், நோயோ தீரவில்லை. ஸ்ட்ரேஞ்ச் வேலனைப் போல் பெயர் சூட்டினார். லோகன் தோழியைப் போல் காரணம் அறிந்தார். வரலாறு நெடுகிலும் வேலர்கள் மிகுதி, தோழியர் சிலரே.

மூலத்தில் உள்ள அடைமொழியை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. 'ஃபனாட்டிக்' என்று எழுதப்பட்டிருந்தால் 'வெறி' என்றே நாம் எழுதியாக வேண்டும். ஆனால் படிப்போருக்கும் கேட்போருக்கும் ஓர் உரிமை உண்டு. பெயர் சூட்டியவர் யார், சூட்டப்பட்டவர் தம்மை என்னவென்று சொல்லிக்கொள்கிறார், அப்பெயரின் அடியில் எந்த நிலம், எந்தப் பசி, எந்த அன்பு மறைந்து கிடக்கிறது என்று கேட்கும் உரிமை அது. அதனை நாம் கைவிடாதிருப்போமாக.